கோட்டுக்கு அந்தப் பக்கம்

ஒன்பதாம் வகுப்பின் கடைசி பெஞ்சுக்குப் பின்னால், ஜன்னலோரம் நிறுத்திவைத்த பெண்ணின் தோளிலிருந்து மணிக்கட்டு வரை டேப்பை இழுத்துப் பிடித்திருந்தபோது, கடலுக்கு அடியில் இருக்கிற தரை நகர்கிறது என்று டீச்சர் சொன்னது அமலியின் காதில் விழுந்தது. பதினெட்டரை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். நோட்டில் எழுதும்போது அதைக் கையளவுக்கான கட்டத்தில் எழுதாமல் இடுப்பளவுக்கான கட்டத்தில் எழுதினாள். தையல் வேலைக்கு வந்த இத்தனை வருடத்தில் கட்டம் மாற்றி எழுதியது அதுதான் முதல் தடவை.

அது எண்பத்தாறாம் வருடத்து ஜூன் மாதம். பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ஒவ்வொரு ஜூனிலும் நாகலூரிலிருந்து காலை பஸ்ஸில் ஏற்காட்டுக்கு வந்து, மிஷன் பெண்கள் பள்ளியில் வகுப்பு வகுப்பாகப் போய் அளவெடுப்பது அமலியின் வழக்கம். பாடம் ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்கும். அவள் பின்னால் நின்று ஒவ்வொரு பெண்ணாகத் தொட்டு எழுப்பி, தோள், கை, இடுப்பு, உயரம் என்று சத்தமில்லாமல் எடுத்துக்கொள்வாள். பாடங்கள் அவள் காதில் விழுவதில்லை. அக்பரும் அசோகரும் எத்தனையோ தடவை அவள் முதுகுக்குப் பின்னால் வந்து போயிருக்கிறார்கள்.

பாடம் நடத்திக்கொண்டிருந்த ஞானசுந்தரி டீச்சருக்கு இருபத்தாறு வயதுதான் இருக்கும். சேலத்துப் பெண். வேலைக்கு வந்து இரண்டாம் வருடம். சுவரில் தொங்கிய பழைய உலகப் படத்தில், இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே நீலத்தில், சிவப்பு மையால் வளைந்து வளைந்து ஒரு கோடு போட்டிருந்தது. டீச்சர் அடிக்கோலால் அதன்மேல் தட்டினாள்.

"பூமியோட மேலோடு ஒரே துண்டு இல்ல. பெரிய பெரிய பாறைத் தட்டா ஒடஞ்சு கெடக்கு. ஒவ்வொரு தட்டும் நகருது. நாம உட்கார்ந்திருக்கற இந்த ஏற்காடும் நகருது."

பெண்கள் சிரித்தார்கள். இரண்டு பேர் விழுந்துவிடப் போகிறவர்கள் மாதிரி பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

"சிரிக்காதீங்க. இந்தக் கோடு இருக்கற எடத்துல, கடலுக்கு அடியில ஒரு மலைத்தொடர் ஓடுது. அதோட உச்சியில வெடிப்பு. உள்ளயிருந்து நெருப்புக் கொழம்பு ஏறி வந்து, ஆறிப் புதுத் தரையாகுது. பழைய தரை ரெண்டு பக்கமும் வெலகிப் போயிட்டே இருக்கு. கோட்டுக்கு இந்தப் பக்கத்துத் தரை நம்ம தட்டு. நம்ம கூடவே வரும். அந்தப் பக்கம் ஆப்பிரிக்கத் தட்டு. அது நம்மளவிட்டு வெலகும்."

அமலி அடுத்த பெண்ணைக் கூப்பிடவில்லை. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மணி அடித்தபிறகும் நின்றாள்.

அவள் கணவன் கிறிஸ்துதாஸ் அந்த நீலத்தில்தான் எங்கோ கிடந்தான். போன நவம்பரில் இறந்துபோனான்.

அவன் முதலில் கடல்காரன் இல்லை. நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் காபிப் பழத்தின் தோலை உரிக்கும் எந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன். எழுபத்தைந்தாம் வருடம் ஆகஸ்ட் மாதம், அவர்களுடைய ஒரே மகள் அற்புதம் விஷக்காய்ச்சலில் இறந்தாள். அவளுக்கு ஆறு வயது. நாகலூர்க் கோவில் கல்லறைத் தோட்டத்தில் காபிச் சரிவை ஒட்டிய ஓரத்தில் குழி வெட்டினார்கள். மண்ணைத் தள்ளி முடித்ததும் கிறிஸ்துதாஸ் குழி வெட்டியவனைப் பார்த்து, "இந்தப் பக்கத்துல இருக்கற எடத்த யாருக்கும் குடுத்துடாதீங்க, எனக்கு வேணும்" என்றான். அங்கிருந்த எல்லோரும் கேட்டார்கள். அமலியும் கேட்டாள். மூன்று மாதம் கழித்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கி, கொச்சியில் இருந்த ஒரு தெரிந்தவனிடம் போய்விட்டான்.

கடலின் ஆழத்தை அளக்கிற கப்பல் ஒன்றில் அவனுக்கு வின்ச் ஓட்டும் வேலை கிடைத்தது. நாலு மைல் நீளத்துக்கு இரும்புக் கம்பி. அதன் முனையில் இரும்புக் கூடை. அதைக் கடலுக்குள் விடுவதும் இழுப்பதும்தான் வேலை. அடியைத் தொட ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று ஒரு கிறிஸ்துமஸுக்கு வந்தபோது சொன்னான். என்ன வரும் என்று அமலி கேட்டாள். சேறு வரும், சில நேரம் கறுப்பாகக் கல் வரும் என்றான். அதற்குமேல் அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வருடத்தில் முப்பது நாள் வருவான். கூரை ஓடு மாற்றுவான், கிணற்றுக் கயிறு மாற்றுவான், கிறிஸ்துமஸ் பூசைக்கு வெள்ளைச் சட்டையில் வருவான். கல்லறைத் தோட்டத்துக்கு மட்டும் பத்து வருடத்தில் ஒரு தடவைகூட வரவில்லை. அந்தப் பக்கத்து இடத்தைக் கேட்டவனும் அவன்தான், அதை விட்டுவிட்டுப் போனவனும் அவன்தான். எது அவனுடைய உண்மையான எண்ணம் என்று அமலி கேட்டதில்லை. கேட்டால் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவான் என்று பயமாக இருந்தது.

நெஞ்சுவலி என்று சொல்லி, கால்மணி நேரத்தில் முடிந்துவிட்டதாம். கப்பல் கரைக்குத் திரும்ப இன்னும் எட்டு நாள் இருந்தது. மழையால் நாகலூருக்குத் தந்தி மூன்று நாள் கழித்து வந்து சேர்ந்தபோது, எல்லாம் முடிந்திருந்தது. அப்புறம் ஒரு கடிதம் வந்தது. நீல முத்திரை குத்திய ஆங்கிலக் கடிதம். பங்குச்சாமியார் அருள்சாமிதான் படித்துச் சொன்னார். கப்பலில் இருந்த மலையாளி எஞ்சினியர் ஒருவர் ஜெபம் வாசித்தார், உடலைக் கித்தான் துணியில் தைத்து மரியாதையோடு கடலில் இறக்கினோம் என்று எழுதியிருந்தது. கடைசியில் தட்டச்சில் மூன்று வரி. வடக்கு மூன்று டிகிரி நாற்பது நிமிடம். கிழக்கு அறுபத்திரண்டு டிகிரி ஐம்பது நிமிடம். ஆழம் மூவாயிரத்து அறுநூற்றுப் பத்து மீட்டர்.

"அற்புதம் பக்கத்துல ஒரு கல்லு வெச்சு, பேரு எழுதி, தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சிடலாம் அமலி. ஒடம்பு இல்லாட்டியும் அப்படிச் செய்யறது உண்டு" என்று சாமியார் சொன்னார்.

"யோசிச்சுச் சொல்றேனுங்க சாமி" என்றாள் அமலி. ஏழு மாதமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

*

மறுநாள் கடிதத்தை ரவிக்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, இடைவேளையில் டீச்சர் முன்னால் வைத்தாள். ஞானசுந்தரி அதைப் படிக்கப் படிக்க முகம் மாறியது. இந்தப் பாடத்தை இரண்டு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறவள்தான். அந்தச் சிவப்புக் கோட்டின் அருகே ஒரு மனிதன் கிடப்பான் என்று அவள் நினைத்திருக்க முடியாது.

"அவரு இந்தக் கோட்டுப் பக்கத்துலன்னு எனக்குத் தெரியாதுங்கக்கா. மன்னிச்சுக்குங்க."

"அது கெடக்குதுங்க டீச்சர். அவரு எந்தப் பக்கம்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. கோட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

டீச்சர் உடனே படத்தைப் பார்க்கவில்லை. "தை மாசம் வேளாங்கண்ணிக்குப் போயி கடல்ல மாலை போட்டுட்டு வந்தீங்கன்னு ஸ்கூல் சிஸ்டர் சொன்னாங்களே" என்றாள்.

"போட்டனுங்க. அதும் அதே கடலுதானுங்களே?"

"அது கெழக்குக் கடல். இது மேற்க. ஆனா தண்ணி எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்ததுதாங்கக்கா. எங்க போட்டாலும் போய்ச் சேரும்."

"தண்ணியக் கேக்கலீங்க டீச்சர்" என்றாள் அமலி. "தரையக் கேட்டேன். எம்புள்ள இந்த மலையில கெடக்கறா. அவ அப்பன் கெடக்கற தரையும் இதுவும் ஒண்ணான்னு கேட்டேன்."

ஞானசுந்தரி எழுந்து பென்சிலோடு படத்துக்குப் போனாள். விரல் மேலிருந்து கீழே இறங்கியது. பக்கவாட்டில் நகர்ந்தது. பென்சில் முனை ஓர் இடத்தில் காகிதத்தைத் தொடாமல் நின்றது. பிறகு கொஞ்சம் வலது பக்கமாக நகர்ந்து, மெல்லிசாக ஒரு புள்ளி வைத்தது.

"இந்தப் பக்கந்தாங்கக்கா. நம்ம தட்டுதான்."

"நம்மகூடவே வருவாருங்களா?"

"வருவாரு."

அமலி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கடிதத்தைத் துணியில் சுற்றினாள். அன்று சாயந்திரமே கோவிலுக்குப் போய், கல்லு வைச்சுடலாங்க சாமி என்று சொன்னாள். அருள்சாமிக்குச் சந்தோஷம். சின்னையன் என்கிற கல்தச்சனுக்குச் சொல்லி அனுப்பினார்.

*

இரண்டு வாரம் அமலிக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. நாற்பது பாவாடையும் நாற்பது சட்டையும் வெட்டியாகிவிட்டது. வீட்டில் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்றாவது வாரம், ஒரு சட்டைக்குக் கழுத்து வெட்டிக்கொண்டிருக்கும்போது அவள் கை நின்றது. டீச்சரின் பென்சில் முதலில் நின்ற இடமும் பிறகு புள்ளி வைத்த இடமும் அவளுக்கு ஞாபகம் வந்தன. துணியில் சாக்குக் கட்டியால் குறி போடுகிறவர்கள் அப்படிச் செய்வதில்லை. கை சரியான இடத்தில்தான் முதலில் நிற்கும். நகர்த்தினால், நகர்த்துவதற்கு ஏதோ காரணம் இருக்கும். துணி போதாமல் இருக்கும். அல்லது போட்டுக்கொள்கிறவளின் மனம் கோணக்கூடாது என்று இருக்கும். குண்டான பெண்களுக்கு இடுப்பளவை ஓர் அங்குலம் குறைத்துச் சொல்லிவிட்டு, சரியான அளவுக்கே தைத்துக்கொடுத்தவள்தான் அமலியும்.

தைத்த உடுப்புகளைப் போட்டுப் பார்ப்பதற்காகப் பள்ளிக்குப் போன அன்று, எல்லோரும் காலை ஜெபத்துக்குப் போயிருந்த நேரம், அவள் ஒன்பதாம் வகுப்புக்குள் போனாள். வெளியே பனி இறங்கி ஜன்னல் வெள்ளையாக இருந்தது. ஐந்தாவது வரை படித்தவள். எண்கள் தெரியும். படத்தின் கீழ் ஓரத்தில் அறுபது என்று போட்ட கோட்டையும் எழுபது என்று போட்ட கோட்டையும் கண்டுபிடித்து, நடுவே டேப்பை வைத்தாள். ஒன்றரை அங்குலம். அதாவது பன்னிரண்டு நூல். மார்பளவை நாலாகவும் எட்டாகவும் பன்னிரண்டாகவும் பிரித்துப் பழகிய கைக்கு அது பெரிய கணக்கு இல்லை. பத்துக்குப் பன்னிரண்டு நூல் என்றால், இரண்டரைக்கு மூன்று. ஐம்பது நிமிடம் என்பது அரையோ முக்காலோ அவளுக்குத் தெரியவில்லை. எப்படி வைத்துப் பார்த்தாலும் நாலு நூலைத் தாண்டவில்லை. சிவப்புக் கோடு அந்த இடத்தில் ஐந்து நூலில் ஓடியது. டீச்சர் வைத்த புள்ளி ஆறில் இருந்தது.

அவள் மூன்று தடவை அளந்தாள். ஜெபம் முடிந்து பெண்கள் வரும் சத்தம் கேட்டது. அவர்களுக்கு முன்னால் ஞானசுந்தரி உள்ளே வந்தாள். அமலி டேப்பைப் படத்திலிருந்து எடுக்கவில்லை.

"டீச்சருங்க, புள்ளி தப்பா உழுந்திருக்குதுங்க."

ஞானசுந்தரி வாசலிலேயே நின்றுவிட்டாள். பிறகு திரும்பி, பெண்களை வராந்தாவிலேயே வரிசையில் நிற்கச் சொன்னாள். கதவைச் சாத்தினாள்.

"தெரிஞ்சுதாங்கக்கா வெச்சேன்" என்றாள். "ஒரு நூலு தள்ளி வெச்சா உங்களுக்கு நிம்மதியா இருக்குமேன்னு வெச்சிட்டேன். தப்புத்தான்."

"ரெண்டு நூலுங்க."

"ரெண்டு நூலு."

அமலிக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. இந்தப் பெண் அவளைவிடப் பதினைந்து வயது இளையவள். பொய் சொல்லத் தெரியாதவள் பொய் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி நின்றாள்.

"எனக்கு நல்லதுன்னு நெனச்சுச் செஞ்சீங்க. ஆனா கல்லுக்குச் சொல்லிட்டு வந்துட்டனுங்க நானு."

ஞானசுந்தரி படத்தின் அருகே வந்தாள். "இன்னொண்ணும் சொல்லணும். இந்தச் செவப்புக் கோடு படத்தோட வந்தது இல்லைங்கக்கா. புத்தகத்துல சின்னதா இருந்ததப் பாத்து நானே போட்டது. மை கொஞ்சம் பரவிடுச்சு. நெசத்துல அந்த மலைத்தொடர் ஒரு நூலு இந்தப் பக்கமும் இருக்கலாம், அந்தப் பக்கமும் இருக்கலாம். இந்தப் படத்துல ஒரு நூலுங்கறது அறுபது மைலுக்கு நெருங்கி வரும். நான் சத்தியமா எனக்குத் தெரியாதுன்னுதான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"யாருக்குங்க தெரியும்?"

"அளந்தவங்களுக்குத் தெரியும்."

அன்றே அவள் கப்பல் ஆபீசுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினாள். கடைசியில் அமலி ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: எதுவாக இருந்தாலும் உள்ளது உள்ளபடி எழுதவும். அதை எப்படி ஆங்கிலத்தில் எழுதினாளோ, எழுதி முடித்துப் படித்தும் காட்டினாள். அமலி அங்கிருந்து கோவிலுக்குப் போய், கல்லு வேலையக் கொஞ்சம் நிறுத்தி வெக்கச் சொல்லுங்க சாமி என்றாள். ஏன் என்று அருள்சாமி கேட்டதற்கு, அளவு இன்னும் வரலீங்க என்று மட்டும் சொன்னாள்.

*

பதில் வர ஏழு வாரம் ஆனது. ஆகஸ்ட் கடைசி வாரத்தில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அமலி வீட்டுக்கு வந்தபோது, ஞானசுந்தரி நாகலூருக்கே பஸ் ஏறி வந்து வாசலில் குடையோடு நின்றுகொண்டிருந்தாள். கையில் கனமான காக்கி உறை.

"நான் இன்னும் பிரிக்கலைங்கக்கா."

அமலி மிஷின் மேலிருந்த துணிகளை ஒதுக்கி இடம் செய்தாள். உறைக்குள் ஒரு கடிதமும் மடித்த பெரிய தாளும் இருந்தன. தாளில் தேசங்கள் எதுவும் இல்லை. முழுக்கக் கடல்தான். நெருக்க நெருக்கமாகச் சுருள் சுருளாகக் கோடுகள். ஒவ்வொரு கோட்டின்மேலும் ஆழத்தின் எண். நடுவே அந்த மலைத்தொடர் மேலிருந்து கீழாகச் சாய்ந்து ஓடியது. அதற்கு இடது பக்கம், நாலு விரல் தள்ளி, நீல மையில் ஒரு பெருக்கல் குறி.

டீச்சர் சொல்லும் முன்பே அமலி பார்த்துவிட்டாள்.

"அந்தப் பக்கம்" என்றாள்.

"ஆமாங்கக்கா."

"எவ்வளவு?"

"எழுபது மைலு எழுதியிருக்காங்க. சந்தேகமே இல்லையாம்."

அமலி பெருக்கல் குறியின்மேல் விரலை வைத்தாள். பிறகு விரலை எடுத்துவிட்டு, "வருசத்துக்கு எத்தனை போவுமுங்க?" என்றாள்.

"மூணு சென்டிமீட்டர். ஒண்ணேகால் இஞ்சுக்குக் கொஞ்சம் கொறச்சலா."

"வளர்ற புள்ளைக்கு வருசா வருசம் பாவாட மடிப்பப் பிரிச்சு எறக்கி விடற அளவு." அவள் அதைத் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள். "அவரு கெடக்கற தரைக்கு வயசு என்ன இருக்குமுங்க டீச்சர்?"

"எழுபது லட்சம் வருஷம் இருக்கலாம். கடலுக்கு அது நொம்பச் சின்ன வயசு."

"இந்த மலைக்கு?"

"இருநூத்தம்பது கோடி."

"அப்ப எம்புள்ள கெடக்கறதுதான் மூப்பு" என்றாள் அமலி.

ஞானசுந்தரி கடிதத்தைத் தமிழாக்கிப் படித்தாள். எழுதியவர் அதே பயணத்தில் இருந்த ஆராய்ச்சியாளர் ஒருவர். வலி வந்தபோது கிறிஸ்துதாஸ் வின்ச்சில்தான் இருந்தான். கூடை அடியைத் தொட்டுவிட்டது என்று கையைத் தூக்கிக் காட்டினான், பிறகு உட்கார்ந்துவிட்டான். அவனைப் படுக்கவைத்து மருத்துவம் பார்த்தார்கள். பலிக்கவில்லை. கம்பி கீழேயே இருந்தது. பிறகு வேறொருவர் அதை இழுத்தார். அன்று வந்தது கறுப்புக் கண்ணாடி மாதிரியான உடைந்த பாறை. அடுத்த பத்தியைப் படிக்கும்போது டீச்சரின் குரல் மெதுவாயிற்று.

"'உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கப்பல் எங்கே நின்றாலும், இடத்தை ஒலிபெருக்கியில் சொன்னதும், கிறிஸ்துதாஸ் எங்களிடம் வந்து ஒரே கேள்வியைத்தான் கேட்பார். சார், இந்தத் தரை நம்ம ஊரோட சேர்ந்ததா, சேராததா. நாங்கள் அதை வைத்து அவரைக் கேலி செய்வோம். ஏன் கேட்கிறீர்கள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.'"

மிஷின் பலகையின்மேல் அமலியின் இரண்டு கைகளும் இருந்தன. வெளியே பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு கொட்டச்சேட்டுப் பக்கம் திரும்பியது.

"இன்னொருக்கா படிங்க."

டீச்சர் படித்தாள்.

"சேந்ததுன்னு சொன்னா என்ன செய்வாராம்? சேராததுன்னு சொன்னா?"

"அது எழுதலைங்கக்கா."

"அன்னிக்குக் கேட்டாருங்களா? அந்த எடத்துல?"

ஞானசுந்தரி கடிதத்தின் முதல் பக்கத்தையும் இரண்டாம் பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இல்லை என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும். "அதுவும் இல்ல" என்றாள். இந்தத் தடவை அவள் எதையும் சேர்க்கவில்லை.

அமலி எழுந்து போய் காபி போட்டாள். இரண்டு பேரும் குடித்தார்கள். டீச்சரை பஸ் ஏற்றிவிடும்போது, "உங்களுக்கு வர்ற வருசம் இந்தப் பாடம் மறுபடி வருமுங்களா?" என்று அமலி கேட்டாள். வரும் என்றாள் ஞானசுந்தரி. "அந்தக் கோட்ட அழிச்சு நல்லாப் போடுங்க. இந்தப் படத்த வெச்சுக்குங்க. எனக்கு எதுக்கு." உறையை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தாள்.

*

செப்டம்பரில் அருள்சாமியிடம் போனாள். கல்லில் என்ன எழுதுவது என்பதற்குச் சாமியார் ஒரு தாள் வைத்திருந்தார். எல்லோருக்கும் ஒரே மாதிரிதான். பேர், பிறப்பு, இறப்பு, மேலே 'இங்கே துயில்கிறார்'.

"அது வேண்டாமுங்க சாமி."

"எது?"

"இங்கேங்கறது. இங்க இல்லீங்களே."

"எல்லாக் கல்லுலயும் அப்படித்தான அமலி போடறது?"

"அவியெல்லாம் இங்க இருக்கறாங்க."

அருள்சாமி பேனாவை எடுத்தார். பிறகு அந்த ஒரு சொல்லை அடித்தார். துயில்கிறார் என்பது மட்டும் தனியாக நின்றது. படித்துப் பார்த்தார். "இதும் சரியாத்தான் இருக்குது" என்றார்.

"இன்னொண்ணுங்க சாமி. கல்லோட மொகத்த எந்தப் பக்கம் வெக்கறதுன்னு நான் சொல்றேனுங்க."

"அதெல்லாம் வாசலப் பாத்துத்தான். இருக்கற கல்லெல்லாம் வாசலப் பாத்துத்தான இருக்குது?"

"அவரு பத்து வருசத்துல ஒருக்காகூட அந்த வாசல்ல வரலீங்க சாமி. வாசலப் பாத்து என்னுங்க செய்யப் போறாரு?"

சாமியார் தாளை மடித்து வைத்தார். அவர் ஊருக்குப் புதியவர் இல்லை. அவருக்கும் அது தெரியும்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, ஞானசுந்தரி பள்ளியிலிருந்து திசைகாட்டியைக் கொண்டுவந்தாள். கல்லறைத் தோட்டத்தில் அற்புதத்தின் சிறிய மேட்டுக்குப் பக்கத்தில், பதினோரு வருடமாகப் புல் முளைத்துக் கிடந்த இடத்தில், சின்னையன் குழி தோண்டி வைத்திருந்தார். டீச்சர் திசைகாட்டியை மண்ணில் வைத்து, ஊசி அடங்கும்வரை காத்திருந்து, கையை நீட்டிக் காட்டினாள். தெற்கும் இல்லை, மேற்கும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, காபிச் சரிவைத் தாண்டி, மேகம் மட்டும் தெரிந்த பக்கம். சின்னையன் கல்லை அப்படியே திருப்பி நிறுத்தினார். "இப்படி வெச்சா யாருங்க படிப்பா? சுத்திக்கிட்டுல்ல வரணும்" என்றார். வேண்டிய ஆளு வந்து படிக்கட்டுங்க என்றாள் அமலி.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். காலையிலிருந்தே வடகிழக்கிலிருந்து காற்றும் தூறலும். ஊரே குடைகளோடு கல்லறைத் தோட்டத்தில் கூடியிருந்தது. சுண்ணாம்பு அடித்த மேடுகள், செவ்வந்தி மாலைகள், ஊதுவத்தி. அருள்சாமி தீர்த்தம் தெளித்துக்கொண்டே வரிசையாக நடந்து வந்தார். எல்லாக் கல்லுக்கும் முன்னால் மக்கள் மெழுகுவத்தி ஏற்றினார்கள். ஏற்ற ஏற்றக் காற்று அணைத்தது. தீப்பெட்டி நமுத்துப்போய், ஒருவரிடமிருந்து ஒருவர் கடன் வாங்கினார்கள். சிலர் அணைந்த திரியையே நட்டு வைத்துவிட்டு முழங்காலிட்டார்கள்.

அமலி மகளுக்கு இரண்டு வத்தி ஏற்றினாள். இரண்டும் அணைந்தன. மறுபடி ஏற்றினாள். பிறகு பக்கத்துக் கல்லைச் சுற்றிக்கொண்டு, நனைந்த காபிச் செடிகளுக்குள் சேலையை இழுத்துப் பிடித்தபடி இறங்கி, கூட்டத்துக்கு முதுகு காட்டி நின்ற அதன் முகத்தின் முன்னால் போய் நின்றாள். வழி தேடிக்கொண்டு ஞானசுந்தரியும் பின்னால் வந்தாள். காற்றையும் தூறலையும் கல்லின் முதுகு மறைத்ததால் அந்தப் பக்கம் மழை விழவில்லை. வெட்டிய எழுத்துகளுக்குள் சுண்ணாம்புத் தூள்கூட உலர்ந்தே கிடந்தது. அமலி மெழுகுவத்தியை ஏற்றிக் கல்லின் அடியில் வைத்துவிட்டு, குடையை விரிக்கவா வேண்டாமா என்று ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாள். சுடர் நேராக நின்றது.